12 வோல்ட், 1 ஆம்பியர்: டிரான்ஸ்ஃபார்மர் லேபிளை எப்படிப் படிப்பது

நான் முதன்முதலில் கட்டிய பவர் சப்ளை பத்து நிமிடம் ஓடியது. டிரான்ஸ்ஃபார்மர் மேல் 12 வோல்ட் என்று எழுதியிருந்தது. கையில் 16 வோல்ட் தாங்கும் கெபாசிட்டர் ஒன்று இருந்தது. 12-ஐ விட 16 பெரிது, நான்கு வோல்ட் மிச்சம் வேறு இருக்கிறதே என்று போட்டுவிட்டேன். பதினோராவது நிமிடம் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அறை முழுக்கக் கருகிய வாடை, மேசை மேல் ஈரமான காகிதத் துணுக்குகள். டிரான்ஸ்ஃபார்மர் நல்லதுதான், கெபாசிட்டரும் நல்லதுதான். லேபிளில் இருந்த 12 எதைக் குறிக்கிறது என்பதுதான் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த எண்ணையும், அதன் பக்கத்தில் இருக்கும் ஆம்பியர் எண்ணையும் சரியாகப் புரிந்துகொண்டு ஒரு சின்ன 12 வோல்ட் டிசி சப்ளை கட்டுவது வரை இங்கே பார்க்கலாம். கணக்குகள் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குப் போட்டவை. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் இருக்கும் இடத்தில் உள்ளவர்கள் பிரைமரி (வீட்டு மின்சாரம் இணையும் காயில்) பக்க எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். மெயின்ஸ் (சுவரில் வரும் வீட்டு மின்சாரம்) வயரில் கை வைத்துப் பழக்கமே இல்லை என்றால், சுவரில் நேரடியாகச் சொருகும் சீல் செய்த ஏசி அடாப்டர் ஒன்றில் தொடங்குங்கள். அவுட்புட் '12 வோல்ட் ஏசி' என்று போட்டிருக்க வேண்டும். டிசி அடாப்டர் வேண்டாம். 230 வோல்ட் முழுக்க அந்தப் பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளேயே இருந்துவிடும், இங்கே சொல்லும் செகண்டரி (குறைந்த வோல்ட்டேஜ் வெளியே வரும் காயில்) பக்க வேலைகள் எல்லாவற்றையும் அதிலேயே செய்து பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பம்

"என் சர்க்யூட்டுக்கு 200 மில்லி ஆம்பியர் போதும். 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் எரிந்துவிடாதா?" புதிதாக வருகிற எல்லோரும் கேட்கும் கேள்வி. எரியாது. கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்கிறது என்பதற்காகக் குடம் உடைந்துவிடுமா? குடம் கொள்கிற அளவுதான் மொள்ளும். வோல்ட்டேஜ் என்பது டிரான்ஸ்ஃபார்மர் கொடுப்பது, கரண்ட் என்பது சர்க்யூட் இழுப்பது. லேபிளில் உள்ள 3 ஆம்பியர், "இதற்கு மேல் என்னிடம் இழுக்காதே" என்ற எச்சரிக்கை. ஆகவே வோல்ட்டேஜ் பொருந்த வேண்டும். லேபிளில் உள்ள கரண்ட் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் சர்க்யூட்டுக்குக் கேடில்லை. ஒரே ஒரு விஷயம்: பெரிய டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் ஷார்ட் ஆகும்போது பாயும் கரண்ட்டும் பெரிதாக இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ள ஃப்யூஸ் இருக்கிறது.

இந்த இரண்டு எல்லைகளும் மீறப்படும் விதத்தில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வோல்ட்டேஜ் எல்லையைத் தாண்டினால் பொறுமை கிடையாது. ஒரு டயோடு, ஒரு ஐசி, ஒரு மெல்லிய இன்சுலேஷன் கண் இமைப்பதற்குள் துளைத்துக்கொண்டு போய்விடும். கரண்ட் எல்லை அப்படியில்லை. 1 ஆம்பியர் காயிலில் ஒன்றரை ஆம்பியர் இழுத்தால் உடனே ஒன்றும் ஆகாது. செம்புக் கம்பி சூடாகும், சுற்றியுள்ள இரும்பு மெல்லச் சூடாகும், அரை மணி கழித்து வார்னிஷ் வாடை வரும். முதலாவது நொடிக் கணக்கு, இரண்டாவது நேரக் கணக்கு. அதனால்தான் வோல்ட்டேஜைப் பார்க்கும்போது மிக மோசமான ஒரு கணத்தையும், கரண்ட்டைப் பார்க்கும்போது நீண்ட நேரச் சராசரிச் சூட்டையும் மனதில் வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

படி 1: லேபிளைப் படியுங்கள்

பிரைமரி 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ், செகண்டரி 12 வோல்ட் 1 ஆம்பியர் என்று இருக்கும். சிலவற்றில் ஆம்பியருக்குப் பதில் '12 விஏ' என்று மட்டும் போட்டிருப்பார்கள். விஏ என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய தொகை. 12-ஐ 12-ஆல் வகுத்தால் 1 ஆம்பியர். இரண்டு செகண்டரி இருந்தால் விஏ பெரும்பாலும் இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

இந்த 12 வோல்ட் மூன்று நிபந்தனைகளோடு வருகிறது. முதலாவது, இது ஆர்எம்எஸ் மதிப்பு (ஏறி இறங்கும் ஏசியின் ஒருவகைச் சராசரி), உச்ச மதிப்பு அல்ல. இரண்டாவது, முழு 1 ஆம்பியர் லோடு இருக்கும்போதுதான் 12. லோடு இல்லாதபோது அதிகம். மூன்றாவது, பிரைமரியில் சரியாக 230 இருக்கும்போதுதான் 12. இந்த மூன்றையும் நான் அன்று தவறவிட்டிருந்தேன்.

'டிஏ 40' என்றும், அதையொட்டி 'பி' என்றும் எழுதியிருந்தால், சுற்றியுள்ள காற்று 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம், காயிலின் இன்சுலேஷன் 130 டிகிரி வகை என்று பொருள். 'ஏ' வகை 105 டிகிரி, 'இ' 120, 'எஃப்' 155. எழுத்தே இல்லையென்றால் 105 என்றே வைத்துக்கொள்வது நல்லது.

படி 2: மேல் எல்லை

மல்டிமீட்டரை ஏசி ரேஞ்சில் வைத்து, லோடு எதுவும் இல்லாமல் செகண்டரியை அளந்து பாருங்கள். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் 14 காட்டினால் பயப்பட வேண்டாம். காயிலுக்கு மின்தடை உண்டு. முழு லோடில் அதில் கொஞ்சம் வோல்ட்டேஜ் விழும். விழுந்தபிறகும் 12 கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கூடுதலாகச் சுற்றியிருப்பார்கள். பத்துப் பதினைந்து விஏ அளவில் இந்தக் கூடுதல் 15, 20 சதவீதம் இருப்பது சாதாரணம். இரண்டு மூன்று விஏ குட்டிகளில் இன்னும் அதிகம். 100 விஏ அளவில் 10 சதவீதம் ஒட்டி வந்துவிடும்.

14 வோல்ட் ஆர்எம்எஸ் என்றால் உச்சம் 14 × 1.414, ஏறக்குறைய 19.8 வோல்ட். மெயின்ஸ் 10 சதவீதம் ஏறி 253 ஆனால் இது 21.8. பிரிட்ஜில் (ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடு இணைப்பு) கரண்ட் எப்போதும் இரண்டு டயோடுகளைக் கடக்கிறது; குறைந்த கரண்ட்டில் ஒவ்வொன்றிலும் 0.6 வோல்ட் போனால் மிச்சம் 20.6. கெபாசிட்டர் இந்த உச்சத்துக்குத்தான் சார்ஜ் ஆகும். 16 வோல்ட் கெபாசிட்டர் ஏன் வெடித்தது என்று இப்போது தெரிகிறதல்லவா? 25 வோல்ட் ஒன்று போட்டிருந்தால் தாங்கியிருக்கும். 35 போட்டால் நிம்மதி.

டயோடுகளுக்கும் இதே உச்சம்தான், தலைகீழாக. பிரிட்ஜில் ஒவ்வொரு டயோடும் ஓர் உச்ச வோல்ட்டேஜைத் தாங்கினால் போதும். சென்டர் டேப் (செகண்டரியின் நடுவிலிருந்து எடுத்த வயர்) வைத்து இரண்டே டயோடு போட்டால் ஒவ்வொன்றும் அதன் இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும். நடு வயருக்கு இருபுறமும் 12 வோல்ட் தரும் 12-0-12-இல் அது 40-ஐத் தாண்டும். 50 வோல்ட் தாங்கும் 1என்4001 கணக்குப்படி சரி, ஆனால் விளிம்பில் நிற்கிறது. 1000 வோல்ட் தாங்கும் 1என்4007-ஐ வாங்கி வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கையே மறந்துவிடலாம்.

12-0-12 பற்றி ஒரு பொறி. இரண்டு ஓரங்களையும் எடுத்துப் பிரிட்ஜில் கொடுத்தால் 24 வோல்ட் ஏசி. 24-ஐக் கொடுத்து 7812 ஐசியில் (நிலையான 12 வோல்ட் டிசி தரும் ரெகுலேட்டர்) 12 எடுக்கலாம், ஐசி 35 வோல்ட் வரை தாங்குமே என்று தோன்றும். லோடு இல்லாதபோது 24 என்பது 28 ஆகும், அதன் உச்சம் 39.6. மெயின்ஸ் ஏறாமலேயே ஐசி போய்விடும். அந்த டிரான்ஸ்ஃபார்மரை நடு வயரோடு இரண்டு டயோடு போட்டுப் பயன்படுத்துங்கள். அல்லது ஆப்-ஆம்ப் சர்க்யூட்டுகளுக்குப் பிளஸ், மைனஸ் இரண்டும் எடுங்கள். அது அதற்காகவே பிறந்தது.

படி 3: கீழ் எல்லை

புதியவர்கள் எல்லோரும் அதிக வோல்ட்டேஜுக்குப் பயப்படுவார்கள், குறைந்த வோல்ட்டேஜை நினைக்கவே மாட்டார்கள். 12 வோல்ட் டிசி வேண்டும், 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, நடுவில் 7812 வைத்தால் முடிந்தது என்று நினைப்பது இயல்பு. போட்டுப் பார்ப்போம்.

7812 ஒழுங்காக வேலை செய்ய, உள்ளே போகும் வோல்ட்டேஜ் வெளியே வருவதைவிட ஏறத்தாழ 2 வோல்ட் அதிகம் இருக்க வேண்டும். அதாவது 14-க்குக் கீழே ஒரு கணம்கூட இறங்கக்கூடாது. லோடு முழுசாக இருக்கிறது, மெயின்ஸ் 10 சதவீதம் இறங்கி 207-இல் நிற்கிறது என்று வைப்போம். செகண்டரி 10.8, உச்சம் 15.3. சார்ஜ் ஆகும்போது டயோடுகளில் கரண்ட் அதிகம், ஆகவே இரண்டுக்கும் சேர்த்து 2 வோல்ட் கழியுங்கள். 13.3. ரிப்பிளைக் (கெபாசிட்டர் வோல்ட்டேஜில் வரும் ஏற்ற இறக்கம்) கழிப்பதற்கு முன்பே தோற்றுவிட்டோம்.

ரிப்பிளையும் பார்த்துவிடலாம். 50 ஹெர்ட்ஸில் பிரிட்ஜுக்கு அப்புறம் உச்சம் 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை வரும் (60 ஹெர்ட்ஸில் 8.3). இரண்டு உச்சங்களுக்கு நடுவே லோடு முழுவதையும் கெபாசிட்டர் ஒன்றே சுமக்கிறது, அதில் வோல்ட்டேஜ் சரிகிறது. எவ்வளவு சரியும்? கரண்ட்டை 0.01 ஆல் பெருக்கி, கெபாசிட்டர் ஃபாரட் மதிப்பால் வகுக்க வேண்டும். 0.5 ஆம்பியர், 2200 மைக்ரோஃபாரட் என்றால் 0.5 × 0.01 ÷ 0.0022, அதாவது 2.3 வோல்ட். உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே சரியும். கூடுதலாக வைத்துக்கொள்வது நமக்குப் பாதுகாப்பு.

13.3-இல் 2.3 போக 11. ஐசியால் 12 கொடுக்க முடியாது. வெளியே வரும் டிசியில் நொடிக்கு 100 முறை ஒரு பள்ளம் விழும், ஸ்பீக்கர் இருந்தால் ஊமென்று உறுமும். மெயின்ஸ் நன்றாக இருக்கும் நேரத்தில் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது. மாலையில் மெயின்ஸ் இறங்கியதும்தான் உறுமல் தொடங்கும், அவரும் ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டுத் தேடிக்கொண்டிருப்பார்.

இதையே 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போடுங்கள். 13.5 ஆக இறங்கினாலும் உச்சம் 19.1, டயோடு போக 17.1, ரிப்பிள் போக 14.8. ஜெயித்துவிட்டோம். மேல் பக்கம்? லோடு இல்லாமல் 17.5 என்று வைத்து, மெயின்ஸ் 10 சதவீதம் ஏறினால் உச்சம் 27.2, டயோடு போக 26. ஐசியின் 35-க்குள் இருக்கிறது, கெபாசிட்டர் 35 வோல்ட் போட்டால் அதற்கும் சரி. ஆக, 12 வோல்ட் டிசிக்குத் தேவை 15 வோல்ட் ஏசி. கையில் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்தான் இருக்கிறதென்றால் 7809 போட்டு 9 வோல்ட் எடுங்கள், அது நிற்கும். இனி இந்தக் கட்டுரையில் நம் டிரான்ஸ்ஃபார்மர் 15 வோல்ட், 1 ஆம்பியர்.

படி 4: 1 ஆம்பியரில் 1 ஆம்பியர் கிடைக்காது

15 வோல்ட், 1 ஆம்பியர் என்பது 15 விஏ. பிரிட்ஜும் கெபாசிட்டரும் போட்டபின் டிசி ஏறத்தாழ 19 வோல்ட் ஆகிவிடுகிறது. அங்கேயும் 1 ஆம்பியர் எடுத்தால் 19 வாட். 15 விஏ கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 19 வாட் எப்படி வரும்? எங்கிருந்தோ நான்கு வாட் இனாமாக வந்துவிடாது. ஏசி கரண்ட் 1 ஆம்பியரைத் தாண்டியிருக்கிறது என்பதுதான் பதில்.

எவ்வளவு தாண்டுகிறது என்பதைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். கெபாசிட்டர் எப்போது சார்ஜ் ஆகிறது? ஏசியின் உச்சம் கெபாசிட்டரில் ஏற்கெனவே இருக்கும் வோல்ட்டேஜைத் தாண்டும் அந்தக் குறுகிய நேரத்தில் மட்டும். பத்து மில்லி செகண்டில் இரண்டு மூன்று மில்லி செகண்டு இருக்கும். மிச்ச நேரமெல்லாம் டயோடுகள் மூடியே கிடக்கின்றன, டிரான்ஸ்ஃபார்மருக்கு ஓய்வு. முழு நேரத்துக்கும் வேண்டிய மின்னூட்டத்தை அந்த இரண்டு மூன்று மில்லி செகண்டில் திணித்தாக வேண்டும் என்பதால் கரண்ட் ஊசி ஊசியாக, சராசரியைப் போலப் பல மடங்கு உயரத்துக்கு எழும்புகிறது. காயில் சூடாவது கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு கரண்ட், நான்கு மடங்கு சூடு. ஊசிகளாகப் போகும் கரண்ட் சீராகப் போகும் அதே சராசரிக் கரண்ட்டைவிட எப்போதும் அதிகமாகச் சுடும்.

நடைமுறை விதி இதுதான்: பிரிட்ஜும் கெபாசிட்டரும் உள்ள சப்ளையில், லேபிள் ஆம்பியரை 0.6 ஆல் பெருக்குங்கள். 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தொடர்ச்சியாக எடுக்கக்கூடிய டிசி 0.6 ஆம்பியர். சென்டர் டேப்பும் இரண்டு டயோடும் போட்டால் லேபிளில் உள்ளதை அப்படியே எடுக்கலாம். அங்கே ஒவ்வொரு அரைக் காயிலும் பாதி நேரம் சும்மா இருக்கிறது. ஆனால் வோல்ட்டேஜ் பாதிதான். ஒற்றை டயோடு அரைச் சுற்று முறையில் 0.3-க்கும் கீழே போய்விடும். அதை மறந்துவிடுங்கள்.

பெரிய கெபாசிட்டர் போட்டால் ரிப்பிள் குறையும், அதனால் 10,000 மைக்ரோஃபாரட் போட்டுவிடலாமே என்று ஆசை வரும். ரிப்பிள் குறையும்தான். ஆனால் ஊசிகள் இன்னும் ஒல்லியாக, இன்னும் உயரமாக ஆகும், டிரான்ஸ்ஃபார்மரும் டயோடும் கூடுதலாகச் சுடும். அரை ஆம்பியருக்கு 2200 போதும்.

படி 5: ரெகுலேட்டரின் சூடு

0.5 ஆம்பியர் எடுக்கும்போது 7812-இன் உள்ளே சராசரியாக 18 வோல்ட் வருகிறது, வெளியே 12 போகிறது. நடுவில் 6 வோல்ட். 6 × 0.5, 3 வாட் சூடாக மாறுகிறது. ஹீட் சிங்க் (சூட்டைக் காற்றில் விடும் உலோகத் துண்டு) இல்லாமல் நிற்கும் இந்த வகை ஐசியின் உள்ளே ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 65 டிகிரி ஏறும். 3 வாட்டுக்கு 195 டிகிரி. அதற்கு வெகு முன்பே ஐசி தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும், ஆறியதும் மறுபடி வரும், மறுபடி அணையும். எல்இடி மூச்சு விடுவது மாதிரி மங்கி மங்கி எரிந்தால் ஐசி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், ஹீட் சிங்க் கேட்கிறது. ஒரு வாட்டுக்கு மேல் போனால் ஹீட் சிங்க் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதே டிரான்ஸ்ஃபார்மரில் 5 வோல்ட் எடுத்தால் 13 வோல்ட் வீணாகி 6.5 வாட் சூடு, பயன்படுவது 2.5 வாட். 5 வோல்ட் சப்ளைக்கு 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்தான் பொருத்தம்.

படி 6: ஃப்யூஸ் எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது

15 விஏ-வை 230-ஆல் வகுத்தால் பிரைமரி கரண்ட் 65 மில்லி ஆம்பியர். அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கான 125 மில்லி ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃப்யூஸை லைவ் வயரில் போடுங்கள். ஏன் ஸ்லோ? சுவிட்ச் போடும் கணத்தில் ஏசி அலை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, இரும்புக் கோர் காந்தத்தால் நிரம்பி வழிந்து, சில சுற்றுகளுக்கு மட்டும் பிரைமரி பல மடங்கு கரண்ட் இழுக்கும். வட்ட வடிவ டொராய்டுகளில் இது இன்னும் அதிகம். வேகமான ஃப்யூஸ் போட்டால் பத்துத் தடவையில் ஒரு தடவை காரணமே இல்லாமல் போகும், கடுப்பில் யாராவது 2 ஆம்பியர் ஃப்யூஸைச் சொருகிவிடுவார்கள். அப்புறம் ஃப்யூஸ் இருந்தும் இல்லாத மாதிரிதான். பிரிட்ஜுக்கு முன்னால் செகண்டரியிலும் 1 ஆம்பியர் ஸ்லோ ஃப்யூஸ் ஒன்று இருக்கட்டும்.

ஆனால் ஃப்யூஸைக் கரண்ட் எல்லையின் காவல்காரன் என்று நம்பிவிடாதீர்கள். பல கண்ணாடி ஃப்யூஸ்கள் தங்கள் மதிப்பைப் போல ஒன்றரை மடங்கைக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஃப்யூஸ் இருப்பது தீப்பிடிப்பதைத் தடுக்க. 20, 30 சதவீதம் கூடுதல் லோடை அது கண்டுகொள்ளாது. மிகச் சிறிய 2, 3 விஏ டிரான்ஸ்ஃபார்மர்களில் செகண்டரியை ஷார்ட் செய்தாலும் காயிலின் தடையே கரண்ட்டைக் கட்டிப் போட்டுவிடும், ஃப்யூஸ் போகாது, காயில் மட்டும் வெந்துகொண்டிருக்கும். அதற்காகவே பலவற்றில் பிரைமரிக்குள் ஒரு தெர்மல் ஃப்யூஸைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். ஒருமுறை போனால் போனதுதான். பிரைமரி திடீரென்று ஓப்பன் காட்டினால் பெரும்பாலும் இது வேலை செய்திருக்கிறது. அதைச் சுற்றி ஒரு வயர் போட்டு உயிர்ப்பிக்கும் வித்தையை யாராவது சொல்லித் தந்தால் கேட்காதீர்கள்.

உலோகப் பெட்டி என்றால் எர்த் வயர் பெட்டியிலும் டிரான்ஸ்ஃபார்மர் இரும்பிலும் திருகோடு இறுகியிருக்க வேண்டும்.

படி 7: முதல் முறை மின்சாரம் கொடுப்பது

நேரடியாகச் சொருக வேண்டாம். லைவ் வயரில் ஒரு பழைய டங்ஸ்டன் பல்பைத் தொடராக இணைத்துக் கொடுங்கள். நம் 15 விஏ-வுக்கு 15 அல்லது 25 வாட் பல்பு சரி, பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு 60 அல்லது 100. எல்இடி பல்பு உதவாது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் பல்பு ஒரு கணம் சிணுங்கி அணைந்துவிடும். பிரகாசமாக நின்று எரிந்தால் எங்கோ ஷார்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தேடுங்கள். டயோடு ஒன்றைத் திருப்பி வைத்திருப்பீர்கள், நானும் வைத்திருக்கிறேன்.

பல்பு இருக்கும்போதே கெபாசிட்டர் வோல்ட்டேஜையும் அவுட்புட்டையும் அளந்துகொள்ளுங்கள். பிறகு பல்பை எடுத்துவிட்டு மறுபடி அளவுங்கள். செகண்டரியில் கை படுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை, 50 வோல்ட் ஏசிக்குக் கீழே இருக்கிறது. ஆனால் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டிப்பது) இருக்கிறதே என்ற தைரியம் அதைவிட உயர்ந்த வோல்ட்டேஜ் செகண்டரியில் செல்லாது. டிரான்ஸ்ஃபார்மர் மெயின்ஸிலிருந்து பிரித்துவிடுவதால் செகண்டரியின் இரண்டு முனையையும் ஒருவர் பிடித்தால் பிரேக்கருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே காயிலைப் பயன்படுத்தும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் அந்தப் பிரிவினைகூட இல்லை. அவுட்புட் 12 வோல்ட் காட்டினாலும் அதன் ஒரு வயர் நேரே மெயின்ஸ் லைவாக இருக்கலாம்.

பிரைமரிக்கு டிசி கொடுக்கவே கூடாது. மாறாத கரண்ட்டைத் தடுக்கக் காயிலின் சொற்பத் தடை மட்டும்தான் இருக்கிறது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் என்று எழுதியதை 50-இல் அதே வோல்ட்டேஜில் ஓட்டினால் கோரில் காந்தப் பாய்வு 20 சதவீதம் ஏறும், சும்மா இருக்கும்போதே சுடும். மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கழற்றிய டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போகாதீர்கள். ஏறத்தாழ 2000 வோல்ட், ஆளைக் கொல்லப் போதுமானதைவிடப் பல மடங்கு கரண்ட். அதில் உயிர் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

லேபிளே இல்லாத டிரான்ஸ்ஃபார்மர்

பழைய ரேடியோவிலிருந்து கழற்றியது, எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வையுங்கள். வோல்ட்டேஜைக் குறைக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மரில் பிரைமரி சில நூறு ஓம் காட்டும், செகண்டரி ஓரிரண்டு ஓம். பிரைமரியைச் சீரிஸ் பல்பு வழியாக இணைத்துச் செகண்டரி வோல்ட்டேஜை அளவுங்கள். முழு லோடில் இதில் 15 சதவீதம் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை விஏ என்பதற்கு ஒரு தோராயமான வழி உண்டு. தகடு அடுக்கின் நடுத்தண்டு, அதாவது காயிலுக்குள் போகும் பகுதி, எத்தனை சென்டிமீட்டர் அகலம், அடுக்கு எத்தனை சென்டிமீட்டர் கனம்? இரண்டையும் பெருக்கி 1.15-ஆல் வகுத்து, வருவதை வர்க்கப்படுத்துங்கள். 2 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனம் என்றால் 4 ÷ 1.15, அதன் வர்க்கம் 12 விஏ. இதை மேலளவாக மட்டும் எடுத்துக்கொண்டு, கடைசி முடிவைச் சூட்டிடம் விடுங்கள்.

படி 8: ஒரு மணி நேரம் சுட விடுங்கள்

கையால் தொட்டுச் சூடு பார்ப்பது ஏமாற்றும். 60 டிகிரியிலேயே கையை எடுத்துவிடுவோம், ஆனால் டிரான்ஸ்ஃபார்மருக்கு அது ஒன்றுமேயில்லை. வெளியே இரும்பு 60-இல் இருக்கும்போது உள்ளே காயில் எவ்வளவு என்று கைக்குத் தெரியாது. செம்பே தெர்மாமீட்டராக இருக்கும்போது கை எதற்கு? செம்பின் தடை சூட்டோடு ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம்.

முதலில், பிளக் சுவரில் இல்லாதபோது அதன் இரண்டு பின்களுக்கு இடையே, சுவிட்சை ஆன் செய்து வைத்து, பிரைமரி தடையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அறையின் வெப்பநிலையையும் எழுதுங்கள். நம்முடையது 30 டிகிரியில் 200 ஓம் என்று வைப்போம். பெட்டியை மூடி, 0.5 ஆம்பியர் இழுக்கும் 24 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை அவுட்புட்டில் மாட்டி (6 வாட்தான் போகிறது, ஆனாலும் அதைத் தொடாதீர்கள்) ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். பிளக்கைப் பிடுங்கி, உடனே மறுபடி அளவுங்கள். 240 ஓம் என்று வந்தால்:

கூடிய தடை 40. அதைப் பழைய தடையான 200-ஆல் வகுத்தால் 0.2. செம்புக்கான எண் 234.5, அதோடு 30-ஐக் கூட்டினால் 264.5. இரண்டையும் பெருக்கினால் 53. காயில் 53 டிகிரி ஏறி 83-இல் இருக்கிறது.

105 டிகிரி இன்சுலேஷனுக்கு இது பரவாயில்லை. காயிலின் நடுப்பகுதி இந்தச் சராசரியைவிட இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கும் என்பதால் நான் 90-க்கு மேல் போக விடுவதில்லை. உங்கள் அறை கோடையில் 10 டிகிரி கூடும் என்றால் அந்தப் பத்தையும் இங்கே கூட்டிப் பாருங்கள். அதிகமாகச் சுட்டால் பெட்டியில் மேலும் கீழும் துளை போடுங்கள்; அல்லது கரண்ட்டை 70 சதவீதமாகக் குறையுங்கள், செம்பில் பிறக்கும் சூடு பாதியாகிவிடும்.

ஒரு மணி நேரத்துக்கு அப்புறமும் தடை ஏறிக்கொண்டிருந்தால் இன்னொரு மணி நேரம் விட்டு அளவுங்கள், பெரிய டிரான்ஸ்ஃபார்மர்கள் நிதானமாகத்தான் சூடேறும். எண் நின்றதும் பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் லேபிளில் இருந்ததை அதில் எழுத வேண்டாம், நீங்கள் அளந்ததை எழுதுங்கள். என் மேசையில் இருப்பதில் இப்படி இருக்கிறது: '12 வோல்ட் டிசி, 0.5 ஆம்பியர், தொடர்ந்து. ஃப்யூஸ் 125 மில்லி, ஸ்லோ.' மூடியின் உள்பக்கம் பென்சிலில்: 'பிரைமரி 200 ஓம், 30 டிகிரியில்.'